எண்ண ஆளில்லாத வரிசை

ஐயாவு "பார்க்கலாம்" என்று சொன்ன இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். அவர் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டால் கதவு பாதி சாத்தியாகிவிட்டது என்று அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மீதிப் பாதியைப் பிடித்துக்கொண்டு மகள் பாப்பா ஈப்போவில் நின்றுகொண்டிருந்தாள்.

விஷயம் பெரிதல்ல. ஐயாவும் மனைவி செல்லாயியும் மலாயாவில் பத்து காஜா ஊரை அடுத்த பாலத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டுகிறவர்கள். மகன் மாயாண்டி ஈப்போவில் அக்காள் பாப்பா வீட்டில் தங்கி ஏழாவது வரை படித்து, அங்கேயே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியாராக இருக்கிறான். பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுக்கிறான். அதை நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறான் என்பதில்தான் வந்தது வில்லங்கம். தேகப்பயிற்சி வாத்தியார்களைப் பழக்குவதற்கென்றே மதராஸில் ஒரு கல்லூரி இருக்கிறதாம். பள்ளிக்கூடக் கமிட்டி அவனை அங்கே அனுப்பத் தயார். தகப்பன் சபையில் எழுந்து "சம்மதம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சொல்ல வேண்டிய நாள் இந்த ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா.

ஆனால் ஐயாவு இன்னொரு வார்த்தையை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்குக் கைக்கு உதவியாக எழுதப் படிக்கத் தெரிந்த பையன் வேண்டும். "எம் மவன் இருக்கானுங்க" என்று சொல்லி வைத்திருந்தார். துரையும் தலையை ஆட்டியாயிற்று. திங்கட்கிழமைப் பெரட்டுக்கு மாயாண்டி வந்து நிற்க வேண்டும்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியலில் ஆள் கணக்கெடுப்பது. பாலத்துத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் விசில் ஊதுவார். ஆண்கள் ஒரு வரிசை, பின்னால் பெண்கள் ஒரு வரிசை. கையில் இருப்பதை வலது காலடியில் வைத்துவிட்டுத் தலையைத் தாழ்த்தி நிற்க வேண்டும். காய்ச்சலில் படுத்தவனின் இடம் காலியாக இருந்தால் பக்கத்து ஆள் நகர்ந்து அதை அடைத்துவிட வேண்டும். ஓட்டை இல்லாத வரிசையை எண்ணுவது கிராணிக்குச் சுலபம். துரைக்கும் பார்க்க அழகாக இருக்குமாம்.

ஞாயிறு காலை ஐயாவு கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டினார். ஊருக்குப் போன பழைய துரை கழித்துக் கொடுத்தது. தோள்கள் இரண்டும் முழங்கையை நோக்கி இறங்கியிருந்தன.

"அங்க போயி என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் செல்லாயி, சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டே.

"போயிப் பார்ப்போம்."

"கிராணிகிட்ட சொல்லிட்டீங்க. இனி அங்க போயி என்னத்தப் பாக்குறது? கோட்டையா?"

ஐயாவு கோட்டின் பொத்தானைத் தேடினார். அது துரையோடு கப்பலேறி வெகுநாளாகியிருந்தது.

*

பாப்பாவின் வீடு ஈப்போவில், ரயில்வே ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீட்டு லயத்தில். புருஷன் பத்துமலைக்கு ரயில் பட்டறையில் வேலை. மாயாண்டி விடிந்ததுமே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். பாப்பா அப்பாவுக்குக் கோப்பியை வைத்தாள், எதிரில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"டிரில்லுன்னா உனக்கு ஏம்ப்பா ஆகல?"

"நான் நின்ன வரிசை போதாதா? நான் நின்னேன், ஒங்காத்தா நின்னா. இப்ப எம் மவன் பச்சப் புள்ளைங்கள நிக்க வைப்பான், விசில் ஊதுவான். அவன மண்டோராக்கவா படிக்க வச்சோம்?"

"கிராணி வேலைன்னா என்ன? அதே வரிசைக்கு முன்னால நின்னு தலைய எண்ணுறதுதான."

"அதுல நாக்காலி இருக்கு லா."

"நாக்காலி பகல்லப்பா. விடியல்ல கிராணியும் நின்னுக்கிட்டுத்தான் எண்ணுறாரு."

ஐயாவு செல்லாயியைப் பார்த்தார். செல்லாயி சுவரைப் பார்த்தாள்.

"மாமா, கோப்பி ஆறுது" என்றான் பத்துமலை. மாமனாருக்கும் மனைவிக்கும் நடுவில் எந்தப் பக்கமும் சாயாமல் பேச அவனுக்கு அகப்பட்ட ஒரே விஷயம் அதுதான்.

*

விழாப் பந்தலில் நடுநாற்காலி கமிட்டித் தலைவர் கார்த்திகேசு அவர்களுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், ஓர் அரசாங்க ஆபீசில் பெரிய கிளார்க். அவர் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு சந்து தள்ளித்தான். ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, வாடகையைப் பற்றி, இழுத்துவந்த சீனனோடு சற்றுப் பேசி, மூச்சு வாங்கி, பிறகு தேகாரோக்கியத்தைப் பற்றிப் பேச மேடையேறினார்.

"மகாஜனங்களே! தேகமானது ஆன்மாவின் வாகனம். வாகனம் பழுதுபட்டால் பிரயாணி என்ன செய்வான்?"

பிரயாணி என்ன செய்வான் என்பதை அவர் நெடுநேரம் விளக்கினார். மேடையில் இருந்த கனவான்களில் இருவர் ஆன்மாவை வாகனத்திலேயே விட்டுவிட்டுத் தூங்கினார்கள். பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள்.

மைதானத்தின் ஓரத்தில், கயிற்றுக்கு அப்பால், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்தவர்கள் குந்தியிருந்தார்கள். அவர்களுக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. கேட்கவேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை. ஐயாவும் செல்லாயியும் அவர்களுக்கு நடுவில் இருந்தார்கள்.

மாயாண்டி வெள்ளைக் கால்சட்டையோடு வந்து பிள்ளைகளுக்கு முன்னால் நின்றான். முதுகு நேராக, தோள் இரண்டும் ஒரே மட்டத்தில். செல்லாயி மகனைப் பார்த்த பார்வையில், அது தன் வயிற்றில் பிறந்ததுதானா என்ற கேள்வியும் கொஞ்சம் இருந்தது.

அவன் விசிலை வாயில் வைத்து ஊதினான்.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அது ஒத்திகை பார்த்தது.

ஒத்திகை பார்க்காத ஒன்றும் நடந்தது. கயிற்றுக்கு அப்பால் குந்தியிருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், ஆண்கள் ஒரு வரிசை, பின்னால் பெண்கள் ஒரு வரிசை. சோற்று மூட்டை, குடை, வெற்றிலைப் பை எல்லாம் வலது காலடிக்குப் போயின. இடையில் ஒரு கிழவி எழ முடியாமல் தாமதித்தாள். அவள் இடத்தைப் பக்கத்துப் பெண் நகர்ந்து அடைத்தாள். தலைகள் தாழ்ந்தன. வரிசையில் ஓட்டை இல்லை.

வெவ்வேறு தோட்டத்து ஆட்கள். ஒரே வரிசை.

மேடையில் முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கார்த்திகேசு அவர்களின் தொப்பை குலுங்கிற்று.

"பாருங்கோ, பாருங்கோ! தோட்டத்து ஆக்களுக்கு டிரில் படிப்பிக்கவே தேவையில்லை! பிறக்கேக்கையே படிச்சுக்கொண்டு வருகினம்!"

மேடை சிரித்தது. தூங்கிய இருவரும் எழுந்து, எதற்கென்று கேட்காமலே சேர்ந்துகொண்டார்கள்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வாசலில் ஒரு மோட்டார் கார் உறுமி நின்றது. அதிலிருந்து வெள்ளைத் தொப்பி ஒன்று இறங்கியது. தொப்பிக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரர்.

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. கார்த்திகேசு எழுந்தார், கோட்டுப் பொத்தானைப் பூட்டினார், கையைப் பக்கவாட்டில் ஒட்டினார். அவருக்கு இடப்புறம் செயலாளர், வலப்புறம் பொருளாளர், அப்புறம் மற்றவர்கள், உத்தியோக வரிசைப்படி. வாயில் வெற்றிலை வைத்திருந்தவர் விழுங்கிவிட்டார். அந்த வரிசையிலும் ஓட்டை இல்லை. அவர்களுக்கு யாரும் விசில்கூட ஊதவில்லை.

மைதானத்தின் இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. நடுவில் பிள்ளைகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

வெள்ளைக்காரர் யாரோ பொறியாளர். கோலா கங்சாருக்கு வழி கேட்டார், காருக்குக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். கார்த்திகேசு அவர்களே கிணற்றடிக்கு ஓடி வாளியைத் தூக்கிவந்தார். பட்டுச் சால்வையின் ஒரு முனை வழியெல்லாம் வாளிக்குள் நீந்திக்கொண்டு வந்தது. தொப்பிக்காரர் தலையசைத்துவிட்டுப் போனார். இவர் நனைந்த சால்வையோடு திரும்பி வந்து, மாகாணத்துக்கே பொறுப்பானவர் வந்து விழாவைப் பார்வையிட்டுப் போனதுபோல் நாற்காலியில் சாய்ந்தார்.

ஆனால் மாயாண்டி அதையெல்லாம் பார்க்கவில்லை. அவன் பார்த்தது ஒன்றே ஒன்று. முன் வரிசையில், தொளதொளத்த கறுப்புக் கோட்டுக்குள்ளிருந்து ஐயாவு மெல்லத் தலையைத் தூக்கினார். விசில் ஊதியது யார் என்று தேடினார். மகன் முகத்தில் வந்து கண் நின்றது.

மாயாண்டி விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினான். புல்லில் போட்டான். பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் போய்விட்டான்.

*

பாப்பா அவனைக் கிணற்றடியில் பிடித்தாள்.

"எங்கடா போற? புள்ளைங்க வெயில்ல நிக்குது."

"வேற யாரையாச்சும் போகச் சொல்லு. நான் மதராஸ் போகலக்கா. கிராணி வேலைக்கே போறேன்."

"சரி. ஏன்?"

"அப்பா சொன்னது சரிக்கா. நான் ஊதுனேன். அம்மா குனிஞ்சு மூட்டையக் காலடியில வச்சுச்சு. பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"தலையக் குனிஞ்சுச்சு. எனக்கு. என் விசிலுக்கு." அவன் விசில் தொங்கிய கழுத்தைத் தடவினான். "இதுக்கு மேல என்னத்தப் படிச்சுட்டு வரச் சொல்ற?"

பாப்பா வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அவன் கையில் ஊற்றினாள். அவன் முகத்தைக் கழுவினான்.

"நீ சின்னதுல எப்படி நடப்பேன்னு ஞாபகம் இருக்கா? வலது தோள் சாஞ்சு. அம்மா மாதிரியே. அம்மாவுக்குத் தோள்ல வச்ச காண்டாக் கம்புல ரெண்டு வாளி பால் தூக்கித் தூக்கிச் சாஞ்சுச்சு. உனக்கு என்ன? சும்மா, பாத்துப் பாத்தே சாஞ்சுட்ட. மனுசன்னா இப்படித்தான் நடக்கணும்னு நெனச்சுட்ட."

மாயாண்டி தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இங்க வந்து ஓடுன, குதிச்ச, மரத்துல தொங்குன. நிமிந்துச்சு. யாரும் அடிச்சு நிமித்தல. லயத்துல இன்னிக்குப் போயிப் பாரு, சாஞ்சு நடக்குற புள்ளைங்க எத்தன இருக்குன்னு. எழுத்துச் சொல்லிக்குடுக்க யாராச்சும் வருவான். இந்தக் கை, கால், முதுகு எல்லாம் உன்னுது, தொரையுது இல்லன்னு சொல்லிக்குடுக்க யாருடா வருவா? அந்தப் பெரிய கிளார்க்கா?"

"அவரு வந்து சேர்றதுக்குள்ள மூச்சு வாங்கிருவாரு" என்றான் மாயாண்டி. சிரிப்பு வரவில்லை. ஆனாலும் சொன்னான்.

"அந்த விசில் உன்ன உறுத்துதுல்ல?"

"ம்."

"அதனாலதான் நீ போகணும்கிறேன். உறுத்தாதவன் போயிப் படிச்சுட்டு வந்தான்னா அவன்தான் மண்டோரு. நாளைக்கு நம்ம புள்ளைங்க முன்னால நிக்கப்போறது அவனா, நீயான்னு யோசி."

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. வாளியைக் கவிழ்த்துவிட்டு நடந்தாள்.

*

மைதானத்தில் பிள்ளைகள் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். கலையும்படி யாரும் சொல்லவில்லை. மேடைக்கு அது ஞாபகமே இல்லை. கயிற்றுக்கு அப்பாலும் பெரியவர்கள் குந்துவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார்கள். எண்ண வேண்டிய ஆள் வரவில்லையே, எப்படிக் கலைவது?

மாயாண்டி திரும்பி வந்தான். புல்லில் கிடந்த விசிலைத் தாண்டிப் போனான்.

"பிரிஞ்சு நில்லுங்க" என்றான் பிள்ளைகளிடம், பேசுகிற குரலில். "பக்கத்து ஆள் மேல கை படக்கூடாது. அவனவன் கைக்கு எவ்வளவு எடம் வேணுமோ அவ்வளவு."

வரிசை உடைந்தது. ஒவ்வொரு பிள்ளையைச் சுற்றியும் ஓர் இடம் உண்டாயிற்று. அவன் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, கயிற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பி, இரண்டு கையையும் மெல்லத் தலைக்கு மேல் தூக்கினான். பின்னால் பிள்ளைகளும் தூக்கினார்கள்.

அவன் அங்கே யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தான், அவ்வளவுதான்.

செல்லாயி முந்தானையைச் செருகினாள். இடது கை மேலே போயிற்று. வலது கை காதுவரை போய் நின்றது. இறக்கினாள். மறுபடி தூக்கினாள். காதைத் தாண்டி நாலு விரல்கடை போயிற்று. முகம் வலியில் சுருங்கியது. ஆனால் இறக்கவில்லை, அப்படியே வைத்திருந்தாள். பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு தானும் தூக்கினாள்.

ஐயாவு கையைத் தூக்கவில்லை. முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். அவர் கண் யாரையோ தேடிற்று. விரலை நீட்டி எண்ணிக்கொண்டு வருகிற ஆளை. அப்படி ஒருவரும் இல்லை. பாப்பா மட்டும் தூரத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து கார்த்திகேசு கூப்பிட்டார். "ஐயாவு எண்டது ஆர்? இஞ்ச வா. உன்ர சம்மதத்தைச் சொல்லு பாப்பம். சபை காத்துக்கொண்டு இருக்கு."

ஐயாவு மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

"நாளைக்குச் சொல்றேனுங்க."

"நாளைக்கோ? ஏன், சபைக்கு முன்னால சொல்ல வெக்கமோ?"

"இங்க சொல்றது சுளுவுங்க." ஐயாவு நனைந்த சால்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் மொதல்ல சொல்ல வேண்டிய எடம் வேறங்க."

கார்த்திகேசு அவர்களுக்குப் புரியவில்லை. புரியாததை மரியாதைக்குறைவு என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைமையாசிரியர் சதாசிவம்தான் நடுவில் புகுந்து, நாளை சாயந்திரம் வரை பொறுக்கலாம் என்றார்.

*

பத்து காஜா பஸ்ஸில் செல்லாயி வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வலிக்குதா?" என்றார் ஐயாவு.

"வலிக்குது."

"பின்ன ஏன் தூக்குன?"

செல்லாயி வெளியே ஓடுகிற, ஈயம் தோண்டிவிட்ட குட்டைகளைப் பார்த்தாள். "வாளி இல்லாம இந்தக் கையத் தூக்கி எத்தன வருசமாச்சுன்னு பாத்தேன்" என்றாள்.

ஐயாவு கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

*

திங்கட்கிழமை விடியலில் மண்டோர் விசில் ஊதினார்.

அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் ஆண்கள் ஒரு வரிசை, பின்னால் பெண்கள் ஒரு வரிசை. வாளியும் உளியும் வலது காலடியில். துரை பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். கிராணி எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"ஐயாவு, எங்க உம் மகன்? தொரை கேக்கப் போறாரு."

இத்தனை காலமும் ஐயாவு நின்ற இடத்திலிருந்தே, தலையைத் தாழ்த்தி, பதில் சொல்லிப் பழகியவர். இன்று ஓர் அடி முன்னால் வைத்தார். வாளி பின்னால், காலடி இருந்த இடத்திலேயே இருந்தது.

"அவன் வரலைங்க. படிக்கப் போறான். இந்த வரிசைக்கு இனிமே வரமாட்டான்."

கிராணியின் முகம் வெளுத்தது. "நீ குடியிருக்கிற லயம் யாருதுன்னு யோசிச்சியா?" என்றார், உதடு அசையாமல்.

துரை திரும்பினார். என்ன சத்தம் என்பதுபோல் பிரம்பை நீட்டினார். ஐயாவு எடுத்து வைத்த அடி பின்னால் போகவில்லை.

வரிசையில் அவர் நின்ற இடம் காலியாக இருந்தது. வாளி மட்டும் அங்கே.

"எடத்த அடைங்கடா!" என்று மண்டோர் கத்தினார்.

பின் வரிசையில் செல்லாயி தலையை நிமிர்த்தினாள். ஐயாவுக்கு இடப்புறம் நின்றவன் வாளியைப் பார்த்தான். வலப்புறம் நின்றவனும் பார்த்தான். மண்டோர் மறுபடி கத்தினார்.

இருவரும் நகரவில்லை.